ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டிய பின் கோளாறு: எந்த இடத்தில் கைவைப்பது?

கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீயரிங் வளையத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா) மாற்ற, ராக்கை (சக்கரங்களை இடம் வலமாகத் தள்ளும் பல்கம்பியை) இறக்க, டை ராட் எண்ட் (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) போட என்று ஏதோ ஒரு வேலைக்காக வீட்டிலேயே ஸ்டீயரிங் பக்கம் கைவைத்தாயிற்று. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி வண்டியை எடுத்தால், வண்டி நேராகப் போகிறது, ஸ்டீயரிங் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அல்லது ஹாரன் அடிக்கவில்லை. ஏர்பேக் விளக்கு அணையவில்லை. திருப்பும்போது அரைச் சுற்றுக்கு ஒரு முறை கை கனக்கிறது.

இவற்றில் அதிகம் பேரை அலையவிடுவது முதலாவதுதான். சாய்ந்த ஸ்டீயரிங்கை நேராக்க வண்டியில் மூன்று இடங்கள் உண்டு: வீல் (இங்கே வீல் என்றால் ஸ்டீயரிங் வளையம், தரையில் உருளுவது சக்கரம்) உட்காரும் ஸ்ப்ளைன் என்ற பல் வெட்டிய முனை, அதற்குக் கீழே ராக்கோடு இணைக்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட், சக்கரத்துக்குப் பக்கத்தில் டை ராட். மூன்றில் எதைத் திருப்பினாலும் ஸ்டீயரிங் நேராகிவிடும். சிக்கலே அதுதான். தவறான இடத்தில் நேராக்கினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், கோளாறு வேறோர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான்காவதாக, வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனர் இருக்கிறது. அது எதையும் நேராக்காது, கோணலையே நேர் என்று வண்டியை நம்பவைக்கும்.

பொது விதி எளிது: எந்த இணைப்பைக் கழற்றினீர்களோ, சந்தேகத்தை அங்கிருந்து தொடங்குங்கள். வீலை மட்டும் கழற்றியவருக்கு டை ராடில் வேலையே இல்லை. டை ராட் எண்ட் மட்டும் மாற்றியவர் வீலைத் தொடவே கூடாது. ஒரே நாளில் இரண்டு மூன்று இணைப்புகளைக் கழற்றியவர்களுக்குத்தான் கீழே சொல்லும் கணக்கு தேவைப்படும்.

ஒரு சொல் விளக்கம். ஒர்க்‌ஷாப்பில் ‘ஸ்டீயரிங் காலம்’ என்று சொல்லும் முழு அசெம்பிளியை இங்கே ‘தண்டு’ என்றே எழுதியிருக்கிறது. காலம் என்றால் நேரம் என்று படித்துவிடுகிற ஆபத்து இருக்கிறது.

கழற்றுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

தேவையானது ஒரு துண்டு டேப், காலியான சமதளப் பாதை. மெதுவாக ஓட்டி, வண்டி தானாக நேராகப் போகும் நிலையில் நிறுத்துங்கள். ஸ்டீயரிங் எவ்வளவு சாய்ந்திருந்தாலும் அதைத் தொடாதீர்கள். இப்போது வளையத்தின் உச்சியில், அதாவது கடிகாரத்தின் 12 மணி இடத்தில், டேப்பை ஒட்டுங்கள். லோகோ எங்கே நிற்கிறது என்பது கணக்கில் இல்லை.

இன்ஜின் ஓடட்டும். இடப்பக்கம் கடைசி வரை மெதுவாகத் திருப்பி, டேப் எத்தனை சுற்று, எத்தனை டிகிரி நகர்ந்தது என்று குறியுங்கள். திரும்ப நேருக்கு வந்து வலப்பக்கமும் அதே போல. கடைசி முட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

இரண்டு பக்கமும் சமமாக வந்தால், சக்கரம் நேராக இருக்கும்போது ராக்கும் நடுவில்தான் இருக்கிறது. கோளாறு ராக்குக்கு மேலே: இன்டர்மீடியட் ஷாஃப்டில் அல்லது வீல் ஸ்ப்ளைனில். சமமில்லை என்றால் ராக் நடுவில் இல்லை, இரண்டு டை ராடின் நீளமும் பொருந்தவில்லை. சில டிகிரி வித்தியாசம் எல்லா வண்டியிலும் வரும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு முட்டிலிருந்து மறு முட்டுக்கு மூன்று சுற்று, அதாவது 1080 டிகிரி திரும்பும் வண்டி. நடு என்பது 540. எண்ணும்போது இடப்பக்கம் 495, வலப்பக்கம் 585 வந்தால் ராக் 45 டிகிரி தள்ளி நிற்கிறது. ஒரு சுற்றுக்கு 48 மி.மீ. நகரும் ராக் என்று வைத்துக்கொண்டால் அது 6 மி.மீ. டை ராடின் மரை ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகர்த்துமானால், ஒரு பக்கம் நான்கு சுற்று நீளமாகவும் மறு பக்கம் நான்கு சுற்று குட்டையாகவும் போட்டிருக்கிறீர்கள். பழைய எண்டைக் கழற்றும்போது சுற்றை எண்ணாமல், கண்ணளவில் புதியதைத் திருகியவர்களுக்கு இது சர்வ சாதாரணம்.

இந்தச் சோதனையிலும் தப்பிக்கும் தவறு ஒன்று உண்டு. இன்டர்மீடியட் ஷாஃப்டைக் கழற்றி வைத்திருந்தபோது யாரோ வீலைச் சரியாக ஒரு முழுச் சுற்று திருப்பிவிட்டார்கள், பிறகு அப்படியே மாட்டிவிட்டீர்கள். வீல் நேராக நிற்கும், இரண்டு பக்க எண்ணிக்கையும் சமமாக வரும், வண்டி நேராக ஓடும். ஆனால் உள்ளே கிளாக் ஸ்பிரிங் ஒரு சுற்று தள்ளிப் போயிருக்கும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டரைச் சுற்று போகக்கூடிய ஸ்பிரிங்குக்கு, ஸ்டீயரிங்கின் ஒன்றரைச் சுற்றோடு இந்த ஒரு சுற்றும் சேர்ந்தால் ஒரு பக்கம் முழு இரண்டரையும் தீர்ந்துபோகும். சில தடவை முழுதாகத் திருப்பி நிறுத்தியதும் நாடா இழுபட்டு அறுந்துவிடும். அதனால் ஷாஃப்டைக் கழற்றியிருந்த நேரத்தில் வீலைக் கட்டிவைக்கவில்லை என்றால், எண்ணிக்கை சமமாக வந்தாலும் ஏர்பேக்கை இறக்கி ஸ்பிரிங்கின் நடுக்குறியை ஒரு முறை பார்த்துவிடுவதுதான் பாதுகாப்பு.

வீல் ஸ்ப்ளைனா, ஷாஃப்டா, டை ராடா

வீல் ஸ்ப்ளைனில் சரிசெய்வது மூன்றிலும் சுலபம். ஆனால் அது பல் கணக்கில்தான் நகரும். 36 பல் உள்ள ஸ்ப்ளைனில் ஒரு பல் 10 டிகிரி, 40 பல் என்றால் 9 டிகிரி. ஆகவே சாய்வு 10, 20 என்று ஏறக்குறைய பல்லின் மடங்கில் இருந்து, நீங்கள் கழற்றியது வீலை மட்டும்தான் என்றால், விடை இதுவே. சாய்வு 4 டிகிரி என்றால் ஒரு பல் நகர்த்தினாலும் மறுபக்கம் 6 டிகிரி சாயும். அது ஸ்ப்ளைன் விவகாரமே இல்லை. சில வண்டிகளில் ஒரு பல் அகலமாகவோ, ஒரு பல் இல்லாமலோ இருக்கும். அந்த வீலைத் தவறாக மாட்டவே முடியாது, கோணலுக்குக் காரணம் கீழே இருக்கிறது.

இன்டர்மீடியட் ஷாஃப்டிலும் இதே பல் கணக்குதான். வித்தியாசம் என்னவென்றால், ராக்கையோ, அதைத் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃப்ரேமையோ இறக்கியபோது வந்த கோணலை மேலே வீல் ஸ்ப்ளைனில் நேராக்கக் கூடாது. வீல் நேராகிவிடும். ஆனால் ஸ்டீயரிங் கோணத்தை அளக்கும் சென்சார் பெரும்பாலான வண்டிகளில் தண்டோடு இருக்கிறது, அது தள்ளிய இடத்திலேயே நிற்கும். இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் கேம் என்ற புடைப்பும் பல வண்டிகளில் தண்டின் பக்கமே இருக்கும். வலது இண்டிகேட்டர் சீக்கிரம் அணைந்து, இடது வளைவு முடிந்தும் சிமிட்டிக்கொண்டே இருந்தால், யாரோ கீழே செய்ய வேண்டியதை மேலே செய்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கீழே குனிந்து, பெடலுக்கு நடுவே தலையை விட்டு வேலை செய்ய அலுப்பாக இருக்கும் என்பதைத் தவிர, மேலே செய்வதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.

டை ராடைத் தொட வேண்டியது எண்ணிக்கை சமமில்லாதபோதும், பல் கணக்குக்குள் அடங்காத சின்னச் சாய்வு மிச்சம் இருக்கும்போதும் மட்டுமே. ஒரு பக்கத்தை எவ்வளவு நீட்டுகிறீர்களோ, மறு பக்கத்தை அதே அளவு குறைக்க வேண்டும். அப்போதுதான் டோ, அதாவது இரண்டு சக்கரங்களும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, மாறாது. மேலே சொன்ன அளவுள்ள ராக்கில் இரண்டு பக்கமும் எதிரெதிராக ஒரு முழுச் சுற்று திருப்பினால் வீல் ஏறக்குறைய 11 டிகிரி நகரும், கால் சுற்றுக்கு 3 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. எந்தப் பக்கம் நீட்டுவது என்பது ராக் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கால் சுற்று திருப்பி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். லாக் நட்டை இறுக்கும்போது டை ராடையும் ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள். ராக்கின் முனையிலுள்ள ரப்பர் உறையும் (பூட்) கூடவே திருகிக்கொள்ளாமல் இருக்க அதன் சின்ன கிளிப்பை முதலிலேயே தளர்த்திவிடுங்கள்.

டை ராட் எண்ட் மாற்றிய பிறகு எப்படியும் அலைன்மென்ட் பார்க்க வேண்டியதுதான். அங்கே போவதற்கு முன் ராக் நடுவில் இருக்கிறதா என்று நீங்களே எண்ணிக்கொண்டு போவது நல்லது. மெஷின் சக்கரத்தின் கோணத்தைத்தான் காட்டும். வீலை நேராகக் கட்டிவைத்துவிட்டு டை ராடைத் திருகினால், ஷாஃப்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலும் திரையில் எல்லாம் பச்சையாக வந்துவிடும். பிறகு வண்டி ஒரு பக்கம் சின்ன வட்டத்திலும் மறு பக்கம் பெரிய வட்டத்திலும் திரும்பும்.

பிஞ்ச் போல்ட்: இதில் மட்டும் சந்தேகம் மிச்சம் வைக்காதீர்கள்

இன்டர்மீடியட் ஷாஃப்டின் முனையில் உள்ள பிளந்த காலரை இறுக்கும் போல்ட்டுதான் பிஞ்ச் போல்ட். இது வெறுமனே காலரை நெருக்குவதற்கு மட்டும் இல்லை. ராக்கை நகர்த்தும் சின்னப் பல்சக்கரமான பினியனின் முனையில், ஸ்ப்ளைனுக்குக் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகப் போனால்தான், இறுக்கம் தளர்ந்தாலும் ஷாஃப்ட் நழுவி வெளியே வராது.

ஷாஃப்ட் முழுதாக இறங்கவில்லை என்றால் பள்ளமும் ஓட்டையும் நேராக வராது, போல்ட் ஸ்ப்ளைனில் முட்டி நிற்கும். அடையாளம் இதுதான்: போல்ட்டை விரலாலேயே கடைசி சில மரை வரை திருக முடிய வேண்டும். நடுவில் நின்றால் ரேச்சட்டை எடுக்காதீர்கள், ஷாஃப்டை இன்னும் கீழே இறக்குங்கள். இதைவிட ஆபத்தான வகை ஒன்று உண்டு. ஷாஃப்ட் ரொம்பவும் மேலேயே நின்றுவிட்டால், போல்ட் பினியன் முனைக்கும் மேலே, காலியான இடத்தில் எளிதாக நுழைந்துவிடும். இறுகவும் செய்யும், ஸ்டீயரிங்கும் வேலை செய்யும், கொஞ்ச நாளைக்கு. அதனால் இறுக்கிய பிறகு ஷாஃப்டைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காலர் பினியனில் இருந்து ஒரு மி.மீ.கூட நகரக் கூடாது.

இந்தப் போல்ட்டைப் பல கம்பெனிகள் ஒரு முறைதான் பயன்படுத்தச் சொல்கின்றன. புதியது போட்டு, அந்த வண்டியின் மேனுவல் சொல்லும் டார்க்கில் (திருகும் விசை அளவில்) இறுக்குங்கள். ஸ்டீயரிங் வீலைப் பிடிக்கும் நட்டும் அப்படித்தான். அதை இறுக்கும்போது ஸ்டீயரிங் லாக்கை விழவைத்து அதன் பலத்தில் இறுக்குவது பலரிடம் உள்ள பழக்கம். லாக்கின் பின்னையும் அது உட்காரும் பள்ளத்தையும் அது நசுக்கிவிடும். வளையத்தைக் கையால் பிடித்துத்தான் இறுக்க வேண்டும்.

அரைச் சுற்றுக்கு ஒரு முறை கனத்தால்

இன்டர்மீடியட் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் யுனிவர்சல் ஜாயின்ட், அதாவது சாய்ந்த கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு, இருக்கும். சாய்வாக வேலை செய்யும் ஒரு ஜாயின்ட், மேலே சீராகத் திருப்பினாலும் கீழே சீராகத் திருப்பாது. 30 டிகிரி சாய்வில் வெளியே வரும் வேகம் உள்ளே கொடுப்பதில் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் நடுவே, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். இரண்டாவது ஜாயின்ட் அதை எதிர்த்திசையில் ஈடுகட்டுவதால்தான் நம் கைக்கு எதுவும் தெரிவதில்லை. ஈடுகட்ட வேண்டுமானால் நடுத்துண்டின் இரண்டு முனைக் கவைகளும் வடிவமைத்த கோணத்திலேயே நிற்க வேண்டும்.

நீண்டு சுருங்கும் வகை ஷாஃப்டை இரண்டாக உருவி, ஒரு பல் தள்ளி மாட்டினால் அந்தக் கோணம் போய்விடும். ஒரு சுற்றில் இரண்டு இடம் கனமாகவும் இரண்டு இடம் லேசாகவும் இருக்கும். துருப்பிடித்து இறுகிய ஜாயின்டும் இதே மாதிரிதான் நடிக்கும், அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கவை தள்ளியிருந்தால் எப்போதும், முதல் நாளிலிருந்தே, ஒரே அளவில் கனக்கும். இறுகிய ஜாயின்ட் நேராக ஓடும்போதும் பிடித்துக்கொள்ளும், வளைவு முடிந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்ப வராது. சந்தேகம் தீராவிட்டால் ஷாஃப்டைக் கழற்றிக் கையில் எடுத்து ஜாயின்டை நான்கு திசையிலும் மடக்குங்கள். நல்ல ஜாயின்ட் வழவழவென்று மடங்கும். படிப்படியாகத் தடுக்கினால் அது போய்விட்டது. துருநீக்கும் ஸ்பிரே அடித்தால் சில நாள் சரியாக இருக்கும், பிறகு மிச்சமிருந்த கிரீஸையும் கரைத்துவிட்டுப் பழையபடி இறுகும். கவையைத் திருத்துவதற்குச் செலவில்லை. ஜாயின்ட் போயிருந்தால் முழு ஷாஃப்டையும் மாற்றுவதே சரி.

கீச்சென்று சத்தம் மட்டும் வந்து கனம் இல்லையென்றால், ஷாஃப்ட் கேபினுக்குள் நுழையும் இடத்து ரப்பர் பூட் வறண்டிருக்கும். அதற்குச் சிலிக்கான் கிரீஸ் போதும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும். வீலுக்குப் பின்னால் சரசரவென்று உரசினால், கவரின் திருகு ஒன்றின் இடத்தில் நீளமான இன்னொன்று போயிருக்கிறதா என்று பாருங்கள்.

கிளாக் ஸ்பிரிங்: நடுவுக்குக் கொண்டுவருவதா, புதிதாகப் போடுவதா

ஹாரன், வீலில் உள்ள பட்டன்கள், ஏர்பேக் ஆகிய மூன்றுக்கும் மின்சாரம் போகும் சுருள் நாடா இது. மூன்றும் ஒரே நேரத்தில் செத்தால் கனெக்டரைச் சரியாக மாட்டாமல் விட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். ஹாரன் சில கோணத்தில் அடித்து, சில கோணத்தில் அடிக்கவில்லை என்றால் நாடாவில் விரிசல் விழுந்திருக்கிறது.

கழற்றும் முன் பேட்டரி மைனஸை எடுத்துவிட்டு மேனுவல் சொல்லும் நேரம் காத்திருங்கள். அது தெரியாவிட்டால் குறைந்தது மூன்று நிமிடமாவது விடுங்கள், கூடுதலாக விட்டால் நஷ்டமில்லை. ஏர்பேக்கைக் கழற்றியதும் கவர் பக்கம் மேலே பார்க்க, பக்கத்தில் எதுவும் இல்லாமல் வையுங்கள். ஏர்பேக்கின் மேல் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது. மீட்டரின் மின்சாரமே அதை வெடிக்கவைக்கப் போதுமானதாக இருக்கலாம்.

நாடா முழுசாக இருக்கிறதா என்பதை ஸ்பிரிங்கைத் தனியே கழற்றி வைத்து அளக்கலாம். ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகச் சுழற்றுங்கள். எண் நிலையாகவும் மிகக் குறைவாகவும் இருக்க வேண்டும். நடுவில் தாவினால் குப்பைக்குத்தான். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஏர்பேக்கின் இரண்டு வயருக்கும் குறுக்கே அளந்தால் பல வண்டிகளில் பூஜ்யம் காட்டும். கனெக்டரைப் பிடுங்கியதும் இரண்டு வயரையும் தானாகச் சேர்த்துவைக்கும் பாதுகாப்புத் தகடு உள்ளே இருப்பதுதான் காரணம். ஷார்ட் ஆகிவிட்டது என்று நல்ல ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நாடா நன்றாக இருந்து, இடம் மட்டும் மாறியிருந்தால் நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும். சக்கரங்களை நேராக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை ஒரு பக்கம் தடுக்கும் வரை மென்மையாகச் சுழற்றி, அதன் லேபிளில் எழுதியுள்ள சுற்று அளவுக்கு எதிர்ப்பக்கம் சுழற்றி, அம்புக்குறிகளை நேர்வையுங்கள். லேபிள் அழிந்திருந்தால் கோடிக்குக் கோடி எண்ணி அதில் பாதி. புதியதில் பூட்டுப் பின் ஒன்று இருக்கும். அதை எடுக்காமலே தண்டில் ஏற்றிவிட்டு, பிறகு பிடுங்கினால் இந்தக் கணக்கே வேண்டாம்.

ஒரு முறையேனும் இழுபட்டு, உரசும் சத்தம் கேட்ட ஸ்பிரிங்கை மீட்டர் நல்லது என்று சொன்னாலும் மாற்றிவிடுவதே மேல். பழைய வண்டியில் கழற்றியதைப் போடுவது பற்றிச் சொல்வதானால், ஹாரனுக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம். அதே நாடாவில் ஏர்பேக்கும் போகிறது என்பதால் வேண்டாம். நாடாவை ஒட்டுப்போட்டு வைப்பதை ஒரு தேர்வாகவே எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்கேனர் எப்போது

மின்சார பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் இரண்டு சென்சார்கள் கவனிக்க வேண்டியவை. கோண சென்சார் தள்ளியிருந்தால், வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலின் விளக்கு எரியும். ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீடு யூ0126 (U0126) என்றால் அந்த சென்சாரோடு தொடர்பு இல்லை, முதலில் கனெக்டரைப் பாருங்கள். யூ0428 என்றால் தொடர்பு இருக்கிறது, வரும் தகவல்தான் நம்பும்படி இல்லை. பேட்டரியை மட்டும் கழற்றி மாட்டியிருந்தால், சில வண்டிகளில் இன்ஜினை ஓடவிட்டு இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிக் கொஞ்ச தூரம் நேராக ஓட்டினாலே விளக்கு அணைந்துவிடும். மற்றவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும்.

இரண்டாவது டார்க் சென்சார், நம் கையின் விசையை அளப்பது. இதன் பூஜ்யம் தள்ளினால் மோட்டாரே ஒரு பக்கம் மெல்ல இழுக்கும். ஒரு பக்கம் திருப்ப லேசாகவும் மறு பக்கம் கனமாகவும் இருக்கும். அலைன்மென்ட் பார்த்துப் பார்த்தும் இழுப்பு தீராத வண்டிகளில் இதையும் சந்தேகப்பட வேண்டும். முதலில் முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் குற்றவாளி. மாறவில்லை என்றால் சென்சாரைப் பூஜ்யப்படுத்தலாம். அப்போது வீலில் கையோ, பூட்டுக் கம்பியோ எதுவும் படக் கூடாது.

வரிசை மாறக் கூடாது: மெக்கானிக்கல் இணைப்புகள், பிறகு அலைன்மென்ட், கடைசியில் ஸ்கேனர். வீல் 10 டிகிரி சாய்ந்திருக்கும்போதே கோண சென்சாரைப் பூஜ்யப்படுத்தினால் சில வண்டிகள் மறுத்துவிடும், சில ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொள்ளும் வண்டிதான் வம்பு. நாளைக்கு யாராவது வீலை நேராக மாட்டினால், நேரான பாதையிலேயே வண்டி வளைவில் போவதாக நினைத்துக்கொள்ளும்.

தண்டையே மாற்ற வேண்டுமா

பெரும்பாலும் வேண்டாம். வேண்டியிருப்பது மூன்று நிலைகளில்.

முதலாவது, வீல் வராததால் ஷாஃப்டின் முனையில் சுத்தியலால் அடித்திருந்தால். விபத்தில் சுருங்குவதற்காகவே தண்டுக்குள் உடையும் பிளாஸ்டிக் பின்கள் இருக்கும், அடி அவற்றைத்தான் முதலில் தாக்கும். வீலைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுத்துப் பாருங்கள். வீலை முன்னும் பின்னும் நகர்த்த உதவும் டெலஸ்கோப் லீவர் பூட்டியிருக்கும்போது நீளவாக்கில் ஆட்டம் இருந்தால் தண்டு போய்விட்டது. (வீலைக் கழற்றும் சரியான வழி: நட்டை முழுதாக எடுக்காமல் இரண்டு மூன்று மரையில் விட்டுவிட்டு இடம் வலமாக அசைப்பது. அப்போது வீல் பட்டென்று விடுபட்டாலும் முகத்தில் வந்து அடிக்காது. புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டால் அதன் போல்ட் ஆழமாக இறங்கிப் பின்னாலுள்ள கிளாக் ஸ்பிரிங்கைக் குத்தாமல் பாருங்கள்.)

இரண்டாவது, தண்டை டேஷ்போர்டுக்குக் கீழே இறக்கியபோது அதன் எடையிலேயே தொங்கவிட்டிருந்தால். தாங்கியில் விபத்தின்போது விடுபடும் கேப்ஸ்யூல்கள் உண்டு. விரிசலோ, ஒரு பக்கம் விலகலோ தெரிந்தால் ஒட்டுவதோ வெல்டிங் வைப்பதோ கூடாது. வெல்டிங் வைத்த தண்டு மோதலின்போது சுருங்காது, நெஞ்சுக்குத்தான் வரும்.

மூன்றாவது, பேரிங் தேய்ந்து வீல் மேலும் கீழும் ஆடுவது. இதில் மட்டும் பழுதுபார்ப்பு என்ற வழி உண்டு. பேரிங்கோ புஷ்ஷோ தனியாகக் கிடைத்தால் போடலாம். ஆனால் ஆட்டம் என்றதும் பேரிங்கைக் குற்றம் சொல்வதற்கு முன், தண்டைப் பிடிக்கும் நட்டுகளையும் டில்ட் லீவரையும் பார்த்துவிடுங்கள். ஒரு நட்டு கைஇறுக்கத்தில் விட்டுப்போனதே பாதிக் கதைக்குக் காரணம்.

மாற்றுவது என்று முடிவானால் புதியதா, பழையதா? சாதா தண்டு என்றால், நல்ல நிலையிலுள்ள பழையது போதும், சில நிபந்தனைகளோடு. பார்ட் நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும். முன்பக்கம் மோதிய வண்டியிலிருந்து வந்ததாக இருக்கவே கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து நீளத்தை அளந்தால், சுருங்கிய தண்டு காட்டிக்கொடுத்துவிடும். பழைய சாவி வேண்டுமானால் லாக்கை மாற்ற வேண்டும். அதன் போல்ட்டுகளின் தலை இறுகியதும் முறிந்துவிடும் வகை என்பதால் துளையிட்டோ உளியால் தட்டியோதான் கழற்ற முடியும். மோட்டாரும் கன்ட்ரோலரும் தண்டிலேயே இருக்கும் மின்சார வகைக்குக் கணக்கு மாறுகிறது. உள்ளே அந்த மாடலுக்குரிய தரவு இருக்கும், கோடிங் செய்யாமல், அதாவது அந்தத் தரவை உங்கள் வண்டிக்கேற்பப் பதியாமல், சில வண்டிகளில் மோட்டாரின் உதவியே கிடைக்காது. கோடிங் செய்ய ஆள் உறுதியாகாத வரை அந்த வகையில் பழையதை வாங்க வேண்டாம்.

எதுவரை நீங்களே, எப்போது இழுத்துச்செல்லும் டோ வண்டி

எண்ணிப் பார்ப்பது, வீலை ஒரு பல் நகர்த்துவது, கனெக்டரைச் சரிபார்ப்பது, டை ராடில் கால் சுற்று திருத்துவது ஆகியவை டார்க் ரெஞ்சும் மேனுவலும் உள்ளவர் செய்யக்கூடியவை. நாடாவை மீட்டரில் அளப்பதும் அப்படியே. ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் வண்டி நகரும், ஆனால் மோதலின்போது பை விரியாமல் போகலாம் என்பதை நினைவில் வைத்துப் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை மட்டும் ஓட்டலாம்.

வண்டியை ஓட்டியே போகக் கூடாத நிலைகள் வேறு: பிஞ்ச் போல்ட் பள்ளத்தில்தான் போயிருக்கிறதா என்று தெரியவில்லை, வீலைத் திருப்பினால் சக்கரம் திரும்புவதற்கு முன் ‘டக்’ என்ற சத்தமும் காலி ஆட்டமும் இருக்கிறது, ஒரு பக்கம் முழுதாகத் திரும்பவில்லை, வளைவில் பிடித்துக்கொண்டு திரும்ப வரவில்லை. இந்த நிலையில் அடுத்த தெரு ஒர்க்‌ஷாப்புக்கும் டோ வண்டியில்தான் அனுப்ப வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் விடும்போது எந்தெந்த இணைப்பைக் கழற்றினீர்கள், வீல் சுழன்றதா, சுத்தியல் பட்டதா என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். எண்ணிய டிகிரிக் கணக்கைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். நீங்களே முடித்தால், பினியனிலும் காலரிலும் குறுக்காக ஒரே பெயின்ட் கோடு போட்டுவையுங்கள். சில நாள் ஓட்டிய பிறகு டார்ச் அடித்துப் பார்க்கும்போது கோடு உடையாமல் இருக்க வேண்டும். உடைந்திருந்தால் போல்ட்டை மறுபடி இறுக்கிவிட்டு விடாதீர்கள். கழற்றி, பள்ளத்தையும் பல்லையும் பார்த்த பிறகே மாட்டுங்கள்.